சவூதியில் முதல் ஆறு மாதம்: அன்றாட வாழ்க்கைக்கும் அரபிக்கும் ஒரு வழிகாட்டி

சவூதி அரேபியாவுக்கு வேலைக்குப் புறப்படும் தமிழர்களில் பலர், அரபி தெரியாமலேயே அங்கே ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளிவிடலாம் என்று கேள்விப்பட்டே விமானம் ஏறுகிறார்கள். அது பொய்யில்லை. ரியாத்தின் பத்ஹாவிலும் ஜித்தாவின் ஷரஃபியாவிலும் மலையாளமும் உருதுவும் தெரிந்தால் கடைக்கும் போகலாம், அறையும் பிடிக்கலாம், முடியும் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் அப்படியே இருந்துவிடுபவர், தன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, குடியிருப்பு அட்டையான இகாமா என்றைக்கு முடிகிறது, மருந்தை எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்பதற்கெல்லாம் இன்னொருவருடைய வாயை நம்பியே இருக்க வேண்டியதாகிறது. அந்த நிலை வராமல் இருக்க முதல் ஆறு மாதங்களில் எதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

புறப்படும் முன்

பத்தாம் வகுப்பு தேறாத இந்தியர்களின் கடவுச்சீட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் சவூதிக்கு வேலைக்குச் செல்ல இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தின் வழியாக அந்த அனுமதியைப் பெற்றாக வேண்டும். முகவர் அந்தத் தளத்தில் பதிவு பெற்றவர்தானா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இந்த அனுமதியோடு எடுக்கப்படும் பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடு, விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் வரை தரும். அதன் சான்றின் ஒரு படியை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். இலங்கையிலிருந்து செல்பவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துகொள்வது கட்டாயம். வீட்டு வேலைக்குச் செல்பவர்களின் ஒப்பந்தம் சவூதி அரசின் முஸானத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சுற்றுலா விசாவிலோ உம்ரா விசாவிலோ போய் வேலை பார்க்கலாம், அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பெட்டியில் எதை வைக்கக் கூடாது என்பதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நம் சமையலில் சாதாரணமாகப் புழங்கும் கசகசா சவூதியில் தடை செய்யப்பட்ட பொருள். குருமா மசாலாவில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் ஆபத்துதான் என்பதால், அம்மா கட்டிக் கொடுக்கும் பொடிகளில் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுத்து வையுங்கள். வலிக்கும் தூக்கத்துக்கும் மனநலத்துக்கும் உண்ணும் மாத்திரைகளில் பல அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை; அவற்றுக்கு மருத்துவர் சீட்டோடு முன் அனுமதியும் தேவைப்படும். ஊர்க்காரர் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி விமான நிலையத்தில் நீட்டப்படும் பொட்டலத்தை, நீட்டுபவர் யாராக இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நம் ஊர் வட்டக்கம்பிச் செருகிகள் அங்கே பொருந்தாது. சதுரக்கம்பி மூன்றுள்ள செருகிக்கான மாற்றி ஒன்று வேண்டும். ரியாத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகள் நம்மவர்கள் எதிர்பாராத அளவுக்குக் குளிரும் என்பதால், ஒரு தடித்த மேலாடை இருக்கட்டும்.

முதல் வாரம்

வந்து இறங்கிய முதல் வாரத்தில் மூன்று காரியங்கள் போதும்: ஒரு சிம் அட்டை, தங்குமிடத்தின் முகவரி, அரபி எண்கள். சிம் அட்டைக்கு விரல்ரேகை எடுப்பார்கள். அது உங்கள் பெயரில் இருப்பது பின்னால் எல்லாவற்றுக்கும் அடிப்படையாகும் என்பதால், அறை நண்பர் பெயரில் உள்ள சிம்மோடு நாள்களை ஓட்டாதீர்கள். முகவரிக்கு அங்கே நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் சேர்ந்த சுருக்கக் குறியீடு ஒன்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் உண்டு. அதை எழுதி வைத்துக்கொண்டால் வழி சொல்லத் தெரியாவிட்டாலும் வண்டி வாசலுக்கு வரும்.

எண்களை முதல் நாளிலிருந்தே படிக்கத் தொடங்குங்கள். அரபி எண்களைப் பல இடங்களில் காண்பீர்கள். 1, 9 இரண்டும் நமக்குப் பழகிய உருவத்திலேயே இருக்கின்றன. சிறு புள்ளி பூஜ்யம். வட்டம் போன்றது ஐந்து. இங்கேதான் புதியவர் பூஜ்யத்தையும் ஐந்தையும் குழப்பிக்கொள்வார். நம் 7 போலத் தெரிவது அங்கே ஆறு; மேல்நோக்கி விரிந்த கவட்டை போன்றது ஏழு; அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எட்டு. மூன்றை இடம் வலமாகத் திருப்பிப் போட்டதுபோல் இருப்பது நான்கு. எழுத்துகளை வலமிருந்து இடமாகப் படித்தாலும், எண்களை நம்மைப் போலவே இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும். காதால் கேட்கும்போது மட்டும் ஒரு வேறுபாடு உண்டு: இருபத்தைந்தை ஐந்தும் இருபதும் என்ற வரிசையில், கம்ஸா வ இஷ்ரீன் என்று சொல்வார்கள். விலை கேட்கும்போது முதலில் காதில் விழும் எண்ணைப் பிடித்துக்கொண்டு அவசரப்படாமல் முழுவதையும் கேளுங்கள்.

எண்கள் வந்துவிட்டால் கிழமைகளும் பாதி வந்துவிடும். ஞாயிறு முதல் வியாழன் வரையுள்ள பெயர்கள் ஒன்று, இரண்டு என்ற எண்களிலிருந்து பிறந்தவையே. அந்த ஐந்து நாள்களும்தான் அரசு அலுவலகங்களின் வேலை நாள்கள். 2013 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. தனியார் நிறுவனங்களில் சனிக்கிழமையும் வேலை இருப்பதுண்டு.

முதல் மூன்று மாதம்: இகாமாவும் ஒப்பந்தமும்

வேலை விசாவில் வந்தவருக்கு, மருத்துவப் பரிசோதனைக்குப் பின், 90 நாள்களுக்குள் இகாமா என்னும் குடியிருப்பு அட்டையை முதலாளி எடுத்துத் தர வேண்டும். அதற்கான கட்டணம் தொழிலாளியின் தலையில் விழக் கூடாது. உங்கள் கடவுச்சீட்டை முதலாளி வைத்துக்கொள்வதற்கும் சட்டத்தில் இடமில்லை. இகாமா எண் கைக்கு வந்த அன்றே அப்ஷிர் என்ற அரசு இணையச் சேவையில் கணக்கைத் திறந்துவிடுங்கள். இகாமாவின் காலாவதி, வெளியேறித் திரும்பும் விசா, அபராதங்கள், வேலைக்கு வரவில்லை என்று உங்கள்மேல் பதிவு ஏதும் உள்ளதா என்பவற்றை யாரையும் கேட்காமல் நீங்களே பார்க்க வழி வேண்டும். ஒருமுறை சென்று திரும்பும் விசாவுக்கு இரண்டு மாதம் வரை 200 ரியால். அதற்கு மேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரியால்.

நஃபாத் என்ற செயலி உங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்துவது. வங்கியிலிருந்து பேசுகிறேன், அரசு அலுவலகத்திலிருந்து பேசுகிறேன் என்று சொல்லித் தொலைபேசியில் யாராவது உங்கள் திரையில் வரும் எண்ணைக் கேட்டாலோ, ஒப்புதல் அழுத்தச் சொன்னாலோ, உடனே துண்டித்துவிடுங்கள். புதிதாக வந்தவர்களின் முதல் மாதச் சம்பளத்தையே இந்த வழியில் பறிக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. சில வேளைகளில் அவர்கள் இந்தியிலும் தமிழிலும்கூடப் பேசுவார்கள்.

ஒப்பந்தம் கிவா என்ற அரசுத் தளத்தில் பதிவாகும். அதில் உள்ள சம்பளமும் பதவியும் ஊரில் உங்களிடம் சொன்னவைதானா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். சவூதித் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒப்பந்தம் இரண்டு மொழிகளில் இருந்து இரண்டுக்கும் வேறுபாடு வந்தால், அரபியில் எழுதியிருப்பதே செல்லும். ஆகவே புரியாத அரபித் தாளில் கையெழுத்திடுவது, நிரப்பாத காசோலையில் கையெழுத்திடுவதைப் போன்றது. குறிப்பாக, முகாலஸா என்ற சொல் தலைப்பில் உள்ள தாளைப் பார்த்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுப்பதே அது. கணக்கு முழுவதும் தீர்ந்து பணம் வங்கிக்கு வந்தபின் இடவேண்டிய கையெழுத்தைச் சிலரிடம் முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள்.

வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஆண்டு விடுப்பு 21 நாள், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 30 நாள். பணி முடிவுத் தொகை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதன்பின் ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் வரும். நீங்களே ராஜினாமா செய்தால், பணியாற்றிய காலத்தைப் பொறுத்து இது குறையும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பதும் விதி.

நாள் எப்படி நகர்கிறது

அங்கே நாளைப் பிரிப்பது கடிகாரத்தைவிடத் தொழுகைதான். அஸருக்குப் (பிற்பகல் தொழுகை) பிறகு வா, மக்ரிபுக்குப் (அந்தித் தொழுகை) பிறகு பார்க்கலாம் என்றுதான் ஆள்கள் நேரம் குறிப்பார்கள். ஐந்து நேரங்களும் சூரியனைப் பின்பற்றி நாளுக்கு நாள் சற்றே நகரும் என்பதால், கைபேசியில் தொழுகை நேரச் செயலி ஒன்று முஸ்லிமல்லாதவருக்கும் பயன்படும். 2021 முதல் தொழுகை நேரத்தில் கடைகள் திறந்திருக்கலாம் என்றாலும், சிறு கடைகள் பலவும் இன்னமும் அடைத்துவிட்டுத்தான் போகின்றன. வெள்ளிக்கிழமை முற்பகலில் ஊரே உறங்குவதுபோல் இருக்கும். ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை முடிந்த பிறகே நடமாட்டம் தொடங்கும். கோடையில் சந்தைகள் இரவில்தான் உயிர் பெறுகின்றன.

ஆவணங்களில் ஹிஜ்ரி என்னும் இஸ்லாமியச் சந்திர நாள்காட்டித் தேதியும் ஆங்கிலத் தேதியும் சேர்ந்தே இருக்கலாம். ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவானது. எனவே இகாமாவிலோ வாடகை ஒப்பந்தத்திலோ உள்ள தேதி எந்த நாள்காட்டியைச் சேர்ந்தது என்று பார்க்காமல் இன்னும் நாளிருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

சாப்பாட்டுக்கு முதலில் கை கொடுப்பது பகாலா என்னும் தெருமுனை மளிகைக் கடையும், தமீஸ் என்ற பெரிய ஆப்கான் ரொட்டி சுடும் அடுப்புக் கடையும். தமீஸோடு ஃபூல் என்ற அவரைக் குழம்பை வாங்கினால் இரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு சில ரியால்களில் முடிந்துவிடும். லபன் என்று கடையில் கிடைப்பது நம் மோர்தான். தாளித்து ஊற்றினால் வேறுபாடே தெரியாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காமல் குடிநீரைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் குளிக்க முடியாதபடி கொதிக்கும். அப்போது பழையவர்கள் ஹீட்டரை அணைத்துவிட்டு, அறைக்குள் இருக்கும் அதன் கொள்கலனில் ஆறிய தண்ணீரை வெந்நீர்க் குழாய் வழியே பிடித்துக் குளிப்பார்கள்.

ரியாத்தில் 2024 டிசம்பரில் தொடங்கிய மெட்ரோ, கார் இல்லாதவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆறு தடங்களும் 85 நிலையங்களும் உள்ள அதில், 4 ரியால் பயணச்சீட்டில் இரண்டு மணி நேரம் பேருந்தையும் சேர்த்துப் பயணம் செய்யலாம்.

அரபியைக் கற்கும் முறை

எந்த அரபி என்ற கேள்வி முதலில் வரும். செய்தியிலும் அரசுத் தாளிலும் இருப்பது ஃபுஸ்ஹா என்னும் எழுத்து அரபி. வாயில் புழங்குவது ஆம்மிய்யா. அதுவும் ரியாத்தில் நஜ்தி வழக்கு, ஜித்தாவில் ஹிஜாஸி வழக்கு என்று வேறுபடும். ஜகர ஒலியுள்ள ஜீம் எழுத்தை எகிப்தியர்கள் காந்தி என்பதில் வரும் ககரமாக ஒலிப்பார்கள். சவூதியர்களோ தொண்டையிலிருந்து வரும் காஃப் எழுத்தை அதே ககரமாக ஒலித்து, அரபிக் காப்பியான கஹ்வாவைத் தம் முறையில் சொல்வார்கள். இதையெல்லாம் பார்த்து மலைக்க வேண்டாம். எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டு, பேச்சைச் சுற்றியிருப்பவர்களிடமிருந்து பிடித்துக்கொண்டால், முதல் ஆறு மாதத்துக்கு அது போதுமானது.

எழுத்துகள் 28. நாளைக்கு இரண்டு எழுதிப் பழகினால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் உருவம் மாறுவதற்குக் கூடுதலாக ஒரு மாதம் கொடுங்கள். சாலைப் பலகைகளும் கடைப் பெயர்களும் இரண்டு மொழிகளிலும் இருப்பதால், பேருந்தில் அமர்ந்திருக்கும் நேரம் முழுவதையும் பாடவேளையாக்கலாம். மதரஸாவில் குர்ஆன் ஓதிப் பழகிய தமிழ் முஸ்லிம்களுக்கு எழுத்து ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. குறுஉயிர்க் குறிகள் இல்லாமல் அச்சிட்ட தாளைப் படிக்கப் பழகுவதுதான் அவர்களுக்குப் புதிய வேலை. மற்றவர்களுக்கும் சில சொற்கள் முன்பே தெரியும்: அசல், பாக்கி, வக்கீல், வசூல் எல்லாம் அரபியிலிருந்து வந்து தமிழில் தங்கியவை. பகாலாக்காரரிடம் மீதிச் சில்லறையைக் கேட்க பாக்கி என்ற சொல் இன்றும் செல்லும்.

ஒலியில் தமிழர் கவனிக்க வேண்டியது, நாம் ஒரே எழுத்தால் எழுதும் ஒலிகளை அவர்கள் தனித்தனியாக வைத்திருப்பதுதான். தொண்டையின் அடியிலிருந்து வரும் காஃபும் முன்னாலிருந்து வரும் காஃபும் அங்கே இரண்டு எழுத்துகள். எழுத்து அரபியில் தொண்டைக் காஃபோடு சொன்னால் இதயம் என்று பொருள்படும் சொல், மற்றக் காஃபோடு சொன்னால் நாய் ஆகிவிடும். அவர்களிடம் வல்லின பகர ஒலி கிடையாது. பார்க்கிங், பெப்ஸி எல்லாவற்றையும் பஸ் என்பதில் வரும் மெல்லிய பகரத்தோடுதான் சொல்வார்கள். அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முகாம்களிலும் பணியிடங்களிலும் வெளிநாட்டவர்கள் தங்களுக்குள் பேசும் ஓர் உடைந்த அரபி உண்டு. போகமாட்டேன் என்பதற்கு அனா மாஃபி ரூஹ், தெரியாது என்பதற்கு மாஃபி மாலூம் என்று அது ஓடும். முதல் மாதம் அது உயிர் காக்கும். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால், பத்து ஆண்டு அனுபவமுள்ள தொழில்வல்லுநரும் நேற்று வந்தவரைப்போலவே நடத்தப்படுவார். சரியானதைச் சொல்வதும் அதைவிடக் கடினமில்லை: மா அரூஹ், மா அத்ரி. இப்படி ஒவ்வொரு உடைந்த வாக்கியத்துக்கும் சரியான வடிவத்தை ஒரு சவூதி சக ஊழியரிடமோ யமன்காரரிடமோ கேட்டு, சிறு ஏட்டில் தமிழிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ந்து சொல்லித் தருவார்கள்.

தொடக்கத்துக்குச் சில: விலை என்ன என்பதற்கு பிகம், எங்கே என்பதற்கு வேன், எனக்கு வேண்டும் என்பதற்கு அப்கா, தயவுசெய்து என்பதற்கு லவ் ஸமஹ்த், புரியவில்லை என்பதற்கு மா ஃபஹிம்த், மெதுவாக என்பதற்கு ஷ்வய் ஷ்வய். பெண்ணிடம் பேசும்போது முன்னிலை மாறும்: ஆணை கேஃப் ஹாலக் என்றும் பெண்ணை கேஃப் ஹாலிக் என்றும் நலம் விசாரிக்க வேண்டும். மருத்துவமனையில் பணியாற்றும் செவிலியர்கள் இதை முதல் வாரத்திலேயே பழகுவது நல்லது. வலி இருக்கிறதா என்று ஃபீ அலம் என அரபியில் கேட்கும் செவிலியிடம் வயதான நோயாளி காட்டும் நம்பிக்கையே வேறு. நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்லும் தொடர், வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது சொல்லும் யஃதீக் அல்ஆஃபியா. இறைவன் உனக்கு நலம் தரட்டும் என்ற அந்த வாழ்த்தைக் காவலாளியிடமும் அலுவலக எழுத்தரிடமும் ஒருமுறை சொன்னால், அடுத்த முறை அவர்களே முகம் மலர்ந்து பேசுவார்கள்.

நகரங்களில் உள்ள ஜாலியாத் (வெளிநாட்டுச் சமூகங்களுக்கான) மையங்கள் பலவற்றில் வெளிநாட்டவருக்கான அரபி வகுப்புகள் நடக்கின்றன. அருகில் இருந்தால் விசாரியுங்கள்.

மனிதர்களோடு

ஸதீக் (நண்பர்) என்று எல்லோரையும் கூப்பிடும் பழக்கம் வெளிநாட்டவரிடையே பரவியிருக்கிறது. வயதில் மூத்த சவூதியரை அப்படி அழைப்பது மரியாதையாகாது. மூத்த மகனின் பெயரோடு சேர்த்து அபூ இன்னார் என்றோ, யா அம் (பெரியப்பா, சித்தப்பா போன்ற விளி) என்றோ அழையுங்கள். மூத்த பெண்களுக்கு காலா (சித்தி), ஒத்த வயதுப் பெண்களுக்கு உக்தி (சகோதரி). குடும்ப நலத்தைப் பொதுவாக விசாரிக்கலாம். ஒருவருடைய மனைவியைத் தனியே குறிப்பிட்டு ஆண்கள் கேட்பதில்லை. பெண் தானாகக் கை நீட்டினாலன்றி ஆண் கை குலுக்க முன்வரக் கூடாது. அனுமதியின்றி மனிதர்களையும் அரசுக் கட்டடங்களையும் படம் எடுக்காதீர்கள்.

கஹ்வா கொடுத்தால் வலக்கையால் வாங்குங்கள். கோப்பையை அப்படியே நீட்டினால் மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் இலேசாக அசைத்துக் காட்ட வேண்டும். ஐந்து விரல் நுனிகளையும் மேல்நோக்கிக் குவித்து ஒருவர் உங்களிடம் காட்டினால், கொஞ்சம் பொறு என்று பொருள். திட்டுகிறார் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

ரமலானில் பகல் முழுவதும் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் புகைப்பதும் எந்த மதத்தவருக்கும் கூடாது. பகலில் உணவகங்கள் அடைத்திருக்கும் என்பதால் மதியச் சாப்பாட்டை அறையிலேயே முடித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். முஸ்லிம் ஊழியர்களுக்கு வேலை நேரம் நாளுக்கு 6 மணியாகக் குறையும். மாலையில் பள்ளிவாசல்களை ஒட்டி நடக்கும் இஃப்தார் பந்திகளில் வந்தவரை யார் என்று கேட்பதில்லை; தயங்காமல் அமரலாம். அரபி பழகுவதற்கு அந்த ஒரு மாதத்தைப்போல நல்ல காலம் வேறில்லை.

சிக்கல் வந்தால்

சம்பளம் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். ரொக்கமாகத் தருகிறோம் என்றால் பின்னால் உங்களிடம் சான்று எதுவும் இருக்காது. வராமல் போனால் மனிதவள அமைச்சகத்தின் 19911 எண்ணுக்கோ அதன் தளத்திலோ புகார் செய்யலாம். முதலில் சமரசப் பேச்சு நடக்கும், தீராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் ரியாத்தில் தூதரகமும் ஜித்தாவில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. கோபத்தில் வேலையிடத்தை விட்டு ஓடிவிடுவதுதான் மிகக் கெடுதலான வழி, ஏனெனில் அந்த நிமிடத்திலிருந்து நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பதிவு உங்களுக்கு எதிராக நிற்கும். ஒப்பந்தம், இகாமா, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் படங்களை ஊரில் ஒருவரிடமும் அனுப்பி வையுங்கள்.

அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 997, தீயணைப்பு 998, காவல் 999. ரியாத், மக்கா, கிழக்கு மாகாணங்களில் 911 ஒன்றே போதும். பேசும்போது முதலில் உங்கள் கட்டடத்தின் சுருக்க முகவரிக் குறியீட்டைச் சொல்லுங்கள், பிறகு என்ன நடந்தது என்பதை ஒரே சொல்லில் சொல்லுங்கள்: விபத்து என்றால் ஹாதிஸ், தீ என்றால் ஹரீக், நோயாளி என்றால் மரீழ். இந்த மூன்று சொற்களையும் அந்தக் குறியீட்டையும் ஒரு தாளில் எழுதி, அறைக் கதவின் உட்புறம் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடுங்கள்.